இல்டா தூங்குகிறாள்

இங்கிருந்து நாலாயிரம் ஒளியாண்டு தூரத்துக்குள் விமலாராணியைப் போல ஒரு ரசிகை கிடையாது. வேற்றுக்கிரகத்து ஆட்கள் என்றைக்காவது வழி தவறிக் கோயமுத்தூரில் இறங்கினால் கலெக்டரைத் தேடிப் போகமாட்டார்கள். கணபதி பகுதியில் அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறைக்குத்தான் வருவார்கள். அவரும், "ஏனுங்க, உங்க எடது பக்கத்து இன்ஜினு ரெண்டாவது எபிசோடுலயே கெட்டுப்போச்சே, இன்னுமா ரிப்பேர் பண்ணல?" என்று விசாரித்த பிறகுதான் உள்ளே விடுவார்.

'ஓரியா' என்ற அந்த விண்கப்பல் தொடர் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு எபிசோடாக வந்துகொண்டிருந்தது, ஆங்கிலத்தில் மட்டும். விமலாராணி எட்டாவது வரை படித்தவர். அதனால் அண்ணன் மகள் ஆஷ்லி பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஆஷ்லிக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். அதற்கு முக்கியக் காரணமே ஆங்கிலம்தான் என்பதை அத்தையிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. புரியாத இடத்தையெல்லாம் அவள் கைச்சரக்கால் நிரப்பினாள். கப்பல் தலைவர் எதிரியிடம், "நீங்க சித்தே அக்கட்டால போனீங்கன்னா நாங்க குண்டு போட்டுக்குவோமுங்க" என்றார். இயந்திர மனிதன் சட்னிக்கு உப்புப் பத்தவில்லை என்று கோபித்துக்கொண்டான்.

அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். திரையோடும் பேசுவார். "அந்தக் கதவத் தொறக்காதீங்க சாமி, சொன்னாக் கேளுங்க." சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பட்டறைப் பெண்கள் பதினொரு பேருக்கும் முழுக்கதையையும் ஒப்பித்துவிடுவார்.

அத்தைக்கு உயிர் என்றால் இல்டாதான். கப்பலின் மெக்கானிக்; கையில் எப்போதும் கிரீஸ், யாருக்கும் பயப்படாத பேச்சு. "என்னைய மாதிரியே ஒயரப் பல்லுல கடிச்சு உரிக்கறா பாரு" என்று பூரித்துப்போவார். ஐந்தாவது எபிசோடில் அந்த இல்டா செத்துப்போனாள்.

"ஏங்கண்ணு, என்னாச்சு அவளுக்கு?"

"தூங்கறாங்கத்தை. ஐஸ் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. கொஞ்ச நாள்ல எந்திரிச்சுருவாங்க."

அதோடு போயிருக்கலாம். ஆனால் அத்தை வாராவாரம் "எந்திரிச்சாளா?" என்று கேட்டார். ஆஷ்லியும் வாராவாரம் ஒரு காரணம் சொன்னாள். பட்டறையில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த மௌனிகா இல்டாவுக்காக மருதமலைக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இந்த வெள்ளிக்கிழமை காலையில் ஆஷ்லியின் போனில் ஓர் அறிவிப்பு வந்தது. பதினெட்டாவது எபிசோடு முதல் 'ஓரியா' தமிழிலும் பேசும்.

அதற்கப்புறம் அவளுக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. மொட்டை மாடிக்கு ஏறினாள், இறங்கினாள். மூன்று முறை தண்ணீர் குடித்தாள். நாளைக்குப் பதினொரு பேர் முன்னால் அத்தை என்ன முகத்தோடு நிற்பார்? இனி எந்த வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்காரவிடுவார்? ஐந்து மணிக்கு மோடத்தின் வயரைக் கழற்றிவிட்டாள். ரிமோட்டின் பேட்டரி அரிசி டப்பாவுக்குள் போனது.

ஆறரைக்கு வந்த அத்தை, பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டே வயரைச் சொருகினார். சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியை எடுத்து ரிமோட்டில் போட்டார். திரையில் 'தமிழ்' என்று வந்தது.

"வேண்டாங்கத்தை. டப்பிங்கு கண்றாவியா இருக்கும்."

"போச்சாது, ஒருக்காக் கேட்டுப் பாக்கலாம்."

முதல் காட்சியிலேயே கப்பல் தலைவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று, செய்தி வாசிப்பவரைப் போலச் சொன்னார்: "இல்டா இறந்து மூன்று மாதங்கள் ஆகின்றன."

ஆஷ்லி சுவரைப் பார்த்தாள். பன்னைப் பிய்க்கும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

"அத்தை..."

அத்தை படத்தை நிறுத்தினார். "எனக்கு அன்னைக்கே தெரியும் அம்மணி. பொட்டி மேல பூ வெச்சாங்க. எல்லாரும் தலையக் குனிஞ்சு நின்னாங்க. அப்பறம் வெளிய தள்ளி உட்டாங்க. தூங்கறவள யாராச்சும் அப்பிடித் தள்ளுவாங்களா? நம்மூர்லயுந்தான் ஐஸ் பொட்டி வெக்கறாங்க. அதுல படுத்து எந்திரிச்சவங்க யாரு?"

"அப்பறம் எதுக்குங்க வாராவாரம் கேட்டீங்க?"

"நீ என்னதான் சொல்றீன்னு பாக்கத்தான். அவனுக ரெண்டு வார்த்த பேசுனா நீ ரெண்டு நிமிசம் பேசுவ. இவனுக கதைக்கு உன்ற புளுகு எவ்வளவோ தேவல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அவ எந்திரிக்கோணும், பட்டறையில சொல்லிப்போட்டேன். எப்பிடின்னு யோசிச்சு வெய்யி."

ஆஷ்லிக்கு மூச்சு வந்தது. மூச்சோடு வாயும் வந்தது. "உங்கள ஏமாத்திப் பாக்கலாம்னுதானுங்க அப்பிடிச் சொன்னேன். சும்மா தமாசுக்கு."

அத்தை கையில் ஒட்டிய தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டு, திரையிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"தமாசுக்குச் சொன்னவ, அன்னைக்கு எதுக்குக் கண்ணு அழுதுட்டே சொன்ன?"