ரப்பர் கீபோர்டு

அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை போய்க்கொண்டிருந்தது. முழுக்கப் போவதற்குள் அவருடைய பழைய கம்ப்யூட்டரை மறுபடி அவர் முன்னால் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது அதை டிவியில் மாட்டி வைத்திருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் லுங்கியோடு அதன் முன்னால்தான். வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்தது.

இப்போது இருக்கும் பருத்திப்பட்டு பிளாட்டில், ஆபீஸ் வேலை போக மிச்ச நேரமெல்லாம் இதற்கே போனது. எஃப்பிஜிஏ என்று ஒரு சிப் உண்டு. நாம் எழுதித் தரும் மின்சுற்றாகவே அது மாறிக்கொள்ளும். அதை வைத்து, அப்பாவின் கம்ப்யூட்டராகவே ஓடும் ஒரு சர்க்யூட் போர்டைத் தீப்பெட்டி அளவில் வரைந்தேன். அந்தக் காலத்து வேகம், அதே எட்டு நிறம், எதிலும் இம்மி பிசகவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கீபோர்டுக்குத்தான் இடமில்லை. வீட்டில் கிடப்பதைச் சொருகிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

போர்டு தயாராகி வந்து ஓடத் தொடங்கியபோது அப்பாவுக்கு வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரிந்தது. பரவாயில்லை, விரலுக்குப் பழக்கம் இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்டை டிவியில் மாட்டி, வீட்டில் கிடந்த கீபோர்டைச் சொருகி, அப்பாவை உட்காரவைத்தேன். தடவிப் பார்த்தார். பழையதில் நாற்பதே ரப்பர் கீ, நெருக்கமாக இருக்கும். இதில் நூற்றுச் சொச்சம். விரல் வைத்த இடமெல்லாம் தப்பு.

"இது அது இல்லியேம்மா" என்றார்.

"அதேதான்ப்பா. உள்ளே அப்படியே அதேதான்."

"உள்ள கீறது எனக்கு இன்னாம்மா தெரியும்?"

என்மேலேயே ஆத்திரம் வந்தது. கண் போகிறவருக்கு, கண்ணால் பார்க்கிற எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன். ரப்பர் கீயோடு இன்னொன்று செய்யலாம், மாதக்கணக்கில் ஆகும். விரல் நுனியும் மரத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் போன வாரம்தான் சொன்னார். நான் என்ன செய்ய?

அப்பா கீபோர்டை ஓரமாகத் தள்ளினார். வெறும் மேசையில் இரண்டு கைகளையும் நெருக்கமாக வைத்துத் தட்டத் தொடங்கினார். வேகமாக, எங்கும் தடுமாறாமல், வரி வரியாகத் தட்டினார். கடைசியில் வலது ஓரத்தில், பழையதில் எண்டர் இருந்த இடத்தில், ஒரு தட்டு. பிறகு டிவி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நல்லா வந்துகீதும்மா" என்றார். "எடுத்து வை."

திரையில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. சரிப்பா என்று சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கினேன்.