கோட்டையில் பெண் பார்த்தார்கள்

மன்னார்க் கோட்டையைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போர்த்துக்கேயன் கட்டினான், ஒல்லாந்தன் பிடித்தான், இங்கிலிசுக்காரன் இருந்துவிட்டுப் போனான், பிறகு இலங்கை ஆமியும் படுத்தெழும்பியது. ஒருவனும் எங்களைக் காப்பாற்ற அங்கே இருக்கவில்லை. இப்போது அகழியில் சோடாப் போத்தல் மிதக்கிறது. கூரையில்லாத கோயிலுக்குள் கழுதைகள் நிழலுக்கு நிற்கின்றன. சுவரெல்லாம் காதலியின் பேரைக் கிறுக்கி வைத்திருக்கிறவர்களை விட அந்தக் கழுதைகளுக்கு மரியாதை தெரியும்.

அக்காவைப் பெண் பார்க்க அங்கேதான் வரச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் வங்காலை ஊர். எங்கள் கத்தோலிக்கச் சனத்தின் வழக்கம், ஞாயிறு பூசை முடிய, தற்செயலாகச் சந்திப்பது போலக் கோயில் வாசலில் நின்று பார்ப்பது. சரிவராவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மானம் மிஞ்சும். கோட்டை எதற்கு என்று கேட்டதற்கு, படித்த ஆட்கள், சனம் பார்க்காத இடமாக விரும்புகிறார்கள் என்று தரகர் விளக்கம் சொன்னார். அம்மா நம்பினார். அக்காவுக்கு முப்பத்துநாலு வயது. மண்டபம் அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பிய பிறகு வந்த சம்பந்தங்களெல்லாம் ஒரே காரணத்தால் முறிந்தன. முகாமில் தண்ணீர் லொறிக்கு ஓடும்போது விழுந்து முறித்துக்கொண்ட இடது கால்தான் காரணம். சமதரையில் நடந்தால் ஒன்றும் தெரியாது. இதுதான் கடைசி இடம் என்று அம்மா முடிவே கட்டியிருந்தார். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையின் தாய் அந்த வெயிலில் பட்டுச் சேலையோடு வந்திருந்தார். கல்லைத் தொட்டுத் தொட்டு வியந்தார். மகனோ தன்னைத்தானே படமெடுப்பதிலும், படத்துக்கு வயிற்றை உள்ளே இழுப்பதிலும் மும்முரம். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாய் மதிலுக்குப் போகும் படிகளைக் காட்டி, மேலே நின்றால் கடல் வடிவாகத் தெரியும், ஒருக்கால் ஏறிப் பார் என்று அக்காவிடம் சொன்னார். தான் அசையவில்லை. மகனையும் கூட அனுப்பவில்லை. தரகர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயில் வாசலில் ஏற வைத்துப் பார்க்கப் படி இல்லை. மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது இதைவிட நேர்மையானது. அவன் மாட்டிடம் கடல் வடிவு என்று கதை விடுவதில்லை.

அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் ஏறாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கெஞ்சுவது போல அக்காவைப் பார்த்தார்.

அக்கா ஏறினாள். ஒவ்வொரு படியிலும் இடது கால் கொஞ்சம் பிந்தி வந்தது. அந்தத் தாய் கண் வெட்டாமல் பார்த்தார். உச்சிக்குப் போன அக்கா கடலைத் திரும்பியும் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்து நின்றாள்.

“ஏறிட்டன் மாமி. இனி உங்கட மகனையும் ஒருக்கா ஏறச் சொல்லுங்கோ. நாங்களும் பாக்கத்தானே வந்தனாங்கள்.”

மாப்பிள்ளை படியைப் பார்த்தார். பிறகு தாயைப் பார்த்தார்.

“அவனுக்கு வெயில் ஒத்துவராது, பிள்ளை” என்றார் தாய்.

சிரித்தது நானில்லை, அம்மா. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் முடியாமல், சம்பந்தம் கைவிட்டுப் போகிறதென்று தெரிந்தே, அவர்கள் முகத்துக்கு நேரே சிரித்தார். ஓட்டோவிலும் எங்கள் பள்ளிமுனை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதார்.