பஞ்சு தின்ற சத்தம்

மெத்தை விற்கிற வீட்டில் தூக்கத்துக்குப் பஞ்சம் என்றால் யார் நம்புவார்கள்? அவனைப் பார்த்தவர்கள் நம்புவார்கள். காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே அவன் முகம் சாயங்கால முகமாக இருக்கும். அக்கா புருஷனின் கடை. லாரியிலிருந்து இறக்குவது, கிடங்கில் அடுக்குவது, வாங்கியவர் வீட்டு மாடிக்கு ஏற்றுவது எல்லாம் அவன்தான். மெத்தைக்குக் கைப்பிடி கிடையாது, கட்டிப்பிடித்துத்தான் தூக்க வேண்டும். "நாள் முழுக்க மெத்தையைக் கட்டிக்கிட்டு நின்னா எந்தப் பொண்ணுடா உன்னைக் கட்டிக்கும்?" என்று அக்கா கேட்பாள். அதற்குப் பதில் சொல்லக்கூட அவனுக்குத் தெம்பு இருக்காது.

கல்லூரி நண்பர்கள் வைத்த பெயரும் மெத்தைதான். வகுப்பில் பெஞ்சைத் தட்டித் தட்டி ஆசிரியர்களிடம் திட்டு வாங்கியவன், ட்ரம்ஸுக்கு வந்து சேர்ந்தான். கிடார் வாசிக்கிறவன் நெட்டை. பாடுகிறவள் சங்கு, அவள் குரல் எழும்பினால் ஆலைச் சங்கு ஊதுகிறது என்று பக்கத்துத் தெருவில் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. படிப்பு முடிந்ததும் மூவரும் சேர்ந்து ஒரு இசைக்குழு ஆரம்பித்தார்கள். குழுவுக்குப் பேர்தான் அமையவில்லை. இன்று வைத்த பேர் நாளைக்கு வெட்கமாக இருந்தது.

வாசிக்க இடமும் அமையவில்லை. சங்கு வீட்டு மாடியறையில் ஆரம்பித்த அன்றே கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை. கடைசியில் மெத்தைதான் தலையைச் சொறிந்துகொண்டு மாமாவிடம் போய் நின்றான்.

"கிடங்குல வாசிச்சுத் தொலைங்க" என்றார் மாமா. "மெத்தை மேல காபியைக் கொட்டினா மட்டும் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

கிடங்கு அவர்களுக்கு சொர்க்கமாக இருந்தது. தரையிலிருந்து கூரை வரை நாலு பக்கமும் மெத்தைச் சுவர். எவ்வளவு போட்டு அடித்தாலும் தெருவில் ஒரு ஈ, காக்கை திரும்பிப் பார்க்காது. அடித்த அடியைப் பஞ்சு தின்றுவிடும். தின்றது போக மிச்சம்தான் காதுக்கு வரும். அது போதவில்லை என்று மெத்தை இன்னும் ஓங்கி அடித்தான். அவன் அடியில் தன் குரல் கேட்கவில்லை என்று சங்கு கத்தினாள். அவள் கத்தலில் கிடார் அமுங்கிப்போகிறது என்று நெட்டை ஸ்பீக்கர் பெட்டியின் திருகை முழுக்கத் திருகினான். ஆளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டே போனார்கள். அதற்கு முன்னேற்றம் என்று பேர் வேறு வைத்துக்கொண்டார்கள்.

வேலை விட்டு வருகிற மூவருமே பாதி உயிராகத்தான் வருவார்கள். நெட்டைக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸ், சங்குவுக்கு நாள் முழுக்கப் போனில் பேசுகிற வேலை. இருந்தாலும் ட்ரம்ஸை எடுத்து வைப்பதும், ஸ்பீக்கரைத் தூக்குவதும், முடிந்ததும் பழையபடி மூலையில் ஒதுக்குவதும் மெத்தைதான். தூக்கிப் பழகின உடம்பு என்று அவர்களும் விட்டுவிட்டார்கள், அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் மேடை ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. வழவழத்த சுவரும் கண்ணாடிக் கதவுமாக ஒரு ஹால். மெத்தை வழக்கம்போல் ஓங்கி ஒரு போடு போட்டான். முன்வரிசையில் ஒரு அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சங்கு வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது, பாட்டு கேட்கவில்லை. இரண்டாவது பாட்டின் பாதியில், "சாப்பாடு ரெடி" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அப்போது சாப்பாட்டு நேரமே ஆகியிருக்கவில்லை.

அடுத்த வாரம் நெட்டை கடைக்கு வந்தான். பில் போடும் மேஜையைத் தடவிக்கொண்டே பேசினான்.

"உன் அடியில பாட்டே அமுங்கிப் போச்சுடா. ஒரு ரிதம் மெஷின் பாத்து வெச்சிருக்கேன். பட்டனைத் தட்டினா அதுவே வாசிக்கும். நீயும் பாவம், களைச்சுப்போய்த்தானே வர்ற? கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

"சங்கு என்ன சொல்றா?"

"அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு. ஒண்ணும் சொல்லலை." நெட்டை கொஞ்சம் தயங்கினான். "கிடங்கு மட்டும் எப்பவும் போல இருக்கட்டும்டா."

"சரி" என்றான் மெத்தை. வேறென்ன சொல்வது? கறிவேப்பிலை கூடக் குழம்பு கொதித்த பிறகுதான் ஒதுக்கப்படும். அவனை அதற்கு முன்பே ஒதுக்கியாயிற்று. அவர்களுக்கு வேண்டியது தானா, தன் மாமாவின் நாலு சுவரா என்ற கேள்வி அதன்பிறகு அவனை விடவில்லை. மெத்தை தூக்கும்போதும் கூடவே அதையும் தூக்கிக்கொண்டு நடந்தான். மெத்தையே தேவலை போலிருந்தது.

அவர்கள் மெஷினோடு வருவதாகச் சொன்ன நாளன்று ஒரு மாணவர் விடுதிக்கு மொத்த ஆர்டர். விடிந்ததிலிருந்து ஏற்றி, சாயங்காலம் கடைசி மெத்தையும் லாரியில் ஏறியபோது கிடங்கு மொட்டைச் சுவராக நின்றது. மாமா போகிற போக்கில் சொன்னார்: "கிடங்கை வேற ஆளுக்கு விட்டாச்சு. நாளைக்குள்ள உன் தட்டுமுட்டு சாமானை எடுத்துடு."

இதைச் சொன்னால் தன் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். சொல்லாமல் ஒரு சாயங்காலத்தையாவது ஓட்டலாமா என்று பார்த்தான்.

நெட்டையும் சங்கும் வந்தார்கள். நெட்டை கிடாரை ஒரு இழு இழுத்தான். அது சுவரில் மோதித் திரும்பி வந்து அவன் காதையே அறைந்தது. சங்கு முதல் வரியை எடுத்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நான் இப்படியாடா கத்திட்டிருந்தேன்?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமும் நிஜமாகவே கோணல்தான். மூவரையும் அதுதான் கோணலாக்கி வைத்திருந்தது.

"மெத்தை, நீ உட்காரு" என்றாள் சங்கு.

"கையில தெம்பே இல்ல."

"இருக்கிறதை வெச்சு வாசி."

வாசித்தான். விரல்கள் குச்சியைப் பிடித்ததே பெரிது. குச்சி தன் பாரத்தில் தானாக விழுந்தது, அவ்வளவுதான். அந்த மெதுவான தட்டலின் மேல் சங்கு பேசுகிற குரலில் பாடினாள். நெட்டை திருகைக் குறைத்தான். அந்தப் பாட்டு இவ்வளவு சோகமானது என்று அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. ரிதம் மெஷின் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

பாட்டு முடிந்தது. இனி மறைப்பது அசிங்கம் என்று மெத்தைக்குப் பட்டது.

"இது கடைசி. மாமா கிடங்கை வேற ஆளுக்கு விட்டுட்டார். எங்கிட்ட இனிமே இடம் இல்ல."

நெட்டையின் கண் மெஷின் பெட்டிப் பக்கம் போனது. மெத்தை அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"எங்க வீட்டுப் படி குறுகல்" என்றாள் சங்கு. "இந்தப் பெரிய ட்ரம் திரும்புமா?"

அவனுக்கு உடனே விளங்கவில்லை.

"கீழ்வீட்டுக்காரர்..."

"இப்படி வாசிச்சா அவர் ஏன் வர்றார்? திரும்புமா, திரும்பாதா?"

"சாய்ச்சுப் பிடிச்சா திரும்பும்" என்று எழுந்திருக்கப் போனான் மெத்தை.

சங்கு அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "நீ உட்காரு. டேய் நெட்டை, அந்தப் பக்கம் பிடி."

உட்காரக் கிடங்கில் ஒரு மெத்தைகூட மிச்சமில்லை. வெறும் தரையில் உட்கார்ந்து, தன் ட்ரம்ஸை வேறு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை எழவில்லை. "எவன்டா இதை இவ்வளவு கனமா செஞ்சான்?" என்று வாசலில் நெட்டை முனகிக்கொண்டிருந்தான்.