வெளியே வந்தது, வேலைக்குப் போகவில்லை

ஆய்வகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். குளிர்பெட்டியை மூடிவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? "சந்தேகம் வந்தாச்சா?" என்று யாராவது காலையில் சீண்டினால், "வந்தாச்சு, தீர்ற வரைக்கும் போகமாட்டேன்" என்பாள்.

அவள் கட்டிக்கொண்டு மாரடித்தது ஹெர்பிஸ் வைரஸின் ஒரு புரதத்தோடு. தையல்காரியான அவளுடைய அக்காவின் வலது கண்ணில் அந்த வைரஸ் புண்ணாக வரும், மருந்துக்கு அடங்கும், கொஞ்ச நாளில் மறுபடி தலைதூக்கும். "போன சனியன் போனதா இருக்கமாட்டேங்குதேடி" என்று அக்கா புலம்புவதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தாள்.

வைரஸ் தன் புரதங்களுக்கான செய்முறைக் குறிப்பான ஆர்என்ஏவைச் செல்லின் கருவுக்குள் தயாரிக்கிறது. அதைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம்களோ கருவுக்கு வெளியே. கருவின் வாசலில் கெடுபிடி அதிகம். வைரஸின் ஆர்என்ஏ தனியாகப் போனால் எளிதில் விடாது. இந்தப் புரதம்தான் அதைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவரும். புரதத்தின் வால்பகுதியை வெட்டிவிட்டால் ஆர்என்ஏ உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்று அவள் நம்பினாள். அப்படி வால் வெட்டிய வைரஸை உருவாக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நுண்ணோக்கியில் பார்த்தாள், நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தாள். சாயம் ஏற்றியதால் பச்சையாக ஒளிர்ந்த வைரஸின் ஆர்என்ஏ கருவைத் தாண்டி, செல் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

துறைத்தலைவரும் எட்டிப் பார்த்தார். "வால் போனாலும் வேலை நடக்குதேம்மா. இதோட விட்டுடலாம்."

"வெளிய வந்துருச்சு, சரி சார். வந்தது புரதமாச்சா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதை நாம பாக்கவே இல்லையே! பாத்துடு."

பார்த்தாள். சாதாரண வைரஸ் புகுந்த செல்களில் வைரஸ் புரதம், புரதங்களைப் பிரித்துக் காட்டும் படத்தில் கருத்த பட்டையாகத் தெரிந்தது. வால் வெட்டியதில் ஒன்றுமே இல்லை. சந்தோஷப்படவே பயமாக இருந்தது. மாதிரியை ஊற்ற மறந்துவிட்டோமோ? செல்லின் சொந்தப் புரதத்தைத் தேடினாள். அது இரண்டிலும் சமமாகவே இருந்தது; அப்படியானால் ஊற்ற மறக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் அதேதான்.

ஆக, அந்தப் புரதத்துக்கு வேலை இரண்டு. ஆர்என்ஏவை வாசல் தாண்டிக் கூட்டிவர வேண்டும். ரைபோசோமிடம் பிடித்தும் கொடுக்க வேண்டும். வால் போனதும் இரண்டாவது வேலை நின்றுவிட்டது.

முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னம்மா, அழறியா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். இப்பத்தான் மூச்சு விடறேன்."

சாயங்காலம் வீட்டில் அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முழுக்கதையும் கேட்டாள். "அப்போ மருந்து வந்துடுமா?"

"அதுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்குக்கா. ஆனா, அந்த வைரஸைப் பிடிக்கறதுக்குப் புதுசா ஒரு இடம் கெடைச்சிருக்கு."

"அது போதும். முதல்ல வந்து சாப்பிடு, மூஞ்சியே வாடிப்போச்சு."

தட்டைக் காலி செய்துவிட்டு, கூச்சமே இல்லாமல் இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.