படை அங்கேயே இருக்கட்டும்

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஹாரன் பழுதானால் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு சத்தம் போடுவார், முன்னால் போகிற லாரியே ஒதுங்கும். அதனால் பணிமனையில் அவருக்கு ஹாரன் என்றே பேர். பிள்ளைகள் இருவரும் ராணுவத்தில். கடல் தாண்டி நடந்த போரில் மூத்தவன் செத்துப்போனான். போர் ஓய்ந்த பிறகும் சின்னவனை அங்கேயே காவலுக்கு வைத்திருந்தார்கள்.

படையைத் திருப்பி அழைப்பதா வேண்டாமா என்று நாடே அடித்துக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று தொலைக்காட்சிக்காரர்கள் பணிமனைக்கே வந்து கேட்டார்கள்.

"பாதியில விட்டுட்டு வந்தா என் மூத்தவன் எதுக்குச் செத்தான்? படை அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அன்று முழுக்க அதையே போட்டுக் காட்டினார்கள். சின்னவனின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"செத்தவருக்காகப் பேசிட்டீங்க மாமா. உயிரோட இருக்கறவருக்கு யாரு பேசுவா?"

அவர் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

சின்னவன் போனில் கோபப்படவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

"உங்கப்பா நம்மள நல்லா மாட்டிவிட்டாருடான்னு இங்க ஒரே கிண்டல்பா. சும்மா ஒரு ரோட்டக் காக்கறோம். எதுக்குன்னுதான் யாருக்கும் தெரியல."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நினைத்தார். "உடம்பப் பாத்துக்கோடா" என்று மட்டும் சொன்னார்.

படை தங்கும் என்று முடிவானது. மழைக்காலத்தில் சின்னவன் ஏறிப்போன வண்டி ஒரு பாலத்தில் வழுக்கி ஆற்றுக்குள் கவிழ்ந்தது. குண்டுமில்லை, எதிரியுமில்லை. வெறும் சேறு.

அடக்கம் முடிந்து வந்து, "என் வாயாலதான் போனான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மனைவிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களக் கேட்டா முடிவு பண்ணாங்க? நம்ம பேச்ச யாருங்க மதிச்சா?"

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவருக்கு அதற்குப் பிறகு அழக்கூட வரவில்லை. மருமகள் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

அடுத்த ஆண்டு, செலவு கட்டுப்படியாகவில்லை என்று படையை மொத்தமாகத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வரவேற்பு ஊர்வலத்துக்காகப் பெரிய சாலையை மறித்திருந்தார்கள். பேருந்து நின்றது. பயணிகள் முணுமுணுத்தார்கள்.

"அண்ணே, சுத்திப் போயிடலாமா?" என்றார் கண்டக்டர்.

"எப்படிப் போனா என்ன" என்று வண்டியைத் திருப்பினார்.