மலைக்கு அரை மணி

வேலப்பனின் காரை நான் முதன்முதலாகப் பார்த்தது 1953 ஏப்ரல் 9, வியாழக்கிழமை, காலை 7.40. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் அப்போது ஒரு சோதனைச் சாவடி இருந்தது. நான் அதன் எழுத்தர். ஏறும் வண்டியின் எண்ணையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதித் தருவேன். மேலே இருந்த சாவடியில் போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறிப்பார்கள். வண்டி இறங்கும்போது சீட்டு என்னிடம் திரும்பி வரும்.

பதினான்கு ஆண்டுகளில் வேலப்பன் 1,146 முறை மலை ஏறினார். எந்த முறையும் 2 மணி 20 நிமிடத்துக்குக் குறையவில்லை. 2 மணி 30 நிமிடத்தைத் தாண்டவும் இல்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

அவர் பழனியில் வாடகைக் கார் ஓட்டுபவர். அப்பா பழனியில் பக்தர்களுக்குக் குதிரைவண்டி ஓட்டியவர். குதிரை மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும் என்பதை வேலப்பன் அங்கேதான் கற்றார்; எஞ்சினிடமும் அதே மரியாதை. வழியில் இருந்த ஊற்றருகே நிறுத்துவார். ரேடியேட்டர் ஆறும்வரை மூடியைத் தொடமாட்டார்.

மலையில் வண்டி நின்றால் லாரிக்காரர்கள் பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைப்பார்கள். பிறகு கல்லை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வேலப்பன் கல் வைப்பதில்லை. புளிய மரத்தில் செதுக்கிய முட்டுக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். அதோடு, பிறர் விட்டுப்போன கல்லைக் கண்டால் காரை நிறுத்தி இறங்கி, ஓரத்தில் உருட்டிவிட்டுத்தான் போவார். காரில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பயணிகளைப் புறப்பட வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வரச் சொல்வார். கேட்டால், அது மலைக்கு என்பார். டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு 'அரைமணி' என்றே பட்டப்பெயர்.

அந்த ஒரு நாள், 1961 மே 17, புதன்கிழமை. பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த சேனாதிபதி தம் மகள் சண்முகவள்ளியுடன் வந்தார். கொடைக்கானல் பள்ளி ஒன்றில் அவளுக்கு ஆசிரியை வேலைக்கு நேர்முகம், பதினோரு மணிக்கு. ஒரே இடம். நேரம் தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. சாவடியில் மணி சரியாக 8.00.

சேனாதிபதி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். “வெள்ளனே நாலு மணிக்கே எழுப்பிட்டாருங்க. மலைக்கு அரை மணியாம். மலை என்ன இவருக்கு மச்சானா?”

வேலப்பன் சிரித்தபடி பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டார்.

பிறகு நடந்ததை மாலையில் இறங்கி வந்தபோது வேலப்பன், சேனாதிபதி இருவர் வாயாலும் கேட்டு எழுதிக்கொண்டேன். இரண்டு விவரமும் ஒத்துப்போயின.

பன்னிரண்டாவது மைல் வளைவுக்கு முன்னால் ஹாரன் சத்தம் கேட்டது. கூடவே வரவேண்டிய எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் லாரி என்று வேலப்பனுக்குப் புரிந்தது. ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். அந்த நியாயத்தை அவர் அன்று பார்க்கவில்லை. காரை இடப்பக்கம், மலையோரத்து வாய்க்காலில் இறக்கிவிட்டார். அதே நொடியில் உருளைக்கிழங்கு லாரி, கருகிய பிரேக் நாற்றத்துடன், அவர் விட்டுக்கொடுத்த இடத்தின் வழியே பாய்ந்தது. சற்றுக் கீழே மலையோர மண்சரிவில் மோதி நின்றது. யாருக்கும் காயமில்லை.

லாரி டிரைவர் மயில்சாமி ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தானாம். வேலப்பன் தண்ணீர் கொடுத்தார். திட்டவில்லை.

“ஏலே, ஏறுன கியர்லயே எறங்கு. டீசல் கொறஞ்சா முதலாளி கேப்பாரு. நீ கொறஞ்சா ஒம் பொண்டாட்டி கேப்பா.”

அதன்பின் காரை மேலே ஏற்ற வேண்டும். சேனாதிபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார். கார் ஒரு சாண் ஏறியதும் பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஆள் வேண்டும். நேர்முகத்துக்கென்று கட்டியிருந்த புதுப்புடவையோடு சண்முகவள்ளி சேற்றில் இறங்கினாள். பக்கவாட்டில் நின்று கட்டையை நகர்த்தச் சொல்லிக்கொடுத்தார் வேலப்பன். ஒன்பது முறை நகர்த்தினாள். கார் ரோட்டுக்கு வந்தது.

வந்ததும் கிளம்பவில்லை. எஞ்சின் கொதித்துக் கிடந்தது.

“இன்னுமா நிக்கணும்? எம்மக வேல போயிரும் வேலப்பா.”

“மூச்சு வாங்குதுங்கய்யா. எட்டு நிமிசம்.”

“அப்ப மிச்சத் தூரத்த வெரசா ஓட்டு.”

“மலைக்குன்னு எடுத்து வச்ச அரை மணி இருக்குங்கய்யா. அதுலதான் செலவழிக்கிறோம்.”

பிறகும் அவர் வழக்கமான வேகத்தில்தான் ஓட்டினார். மேல் சாவடியில் 10.50, பள்ளி வாசலில் 10.55. சண்முகவள்ளி குழாயில் கை கழுவிக்கொண்டு, புடவைக் கரையில் சேறோடு, பதினோரு மணிக்கு உள்ளே போனாள். வேலை கிடைத்தது.

அன்றைய சீட்டு: 2 மணி 50 நிமிடம். காரணம் எழுதும் இடத்தில் 'வழிவிட்டது' என்று எழுதினேன்.

அதன்பின் மாதம் ஒருமுறை அவள் பழனிக்கு வந்து திரும்புவது வேலப்பனின் காரில்தான். அரை மணி முன்னதாகவே வந்து நிற்பாளாம். 1966 ஜூன் 6 அன்று சீட்டு வாங்கும்போது, பழையபடி ரோட்டுக் கல்லை இறங்கி உருட்டிவிடுகிறீர்களா என்று வேலப்பனைக் கேட்டேன்.

பின்சீட்டில் இருந்த சண்முகவள்ளியைக் காட்டினார். “டீச்சர் வர்ற அன்னிக்கு எனக்கு அந்தச் சோலி இல்லீங்க. கல்லப் பாத்தா, நான் பிரேக் புடிச்சு முடிக்கிறதுக்குள்ள கதவத் தொறந்துர்றாங்க. அதுக்குத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்.”