மாவில் பதிந்த தலை

நம்பாதவர்கள் திருநின்றவூருக்கு வந்து ஹேமநாதனையே கேட்டுக்கொள்ளலாம். கதை கட்டும் அளவுக்கு அவருக்கு வாய் கிடையாது.

வாடகை வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். கூரை கிடையாது. இரண்டே சீட்டு. "கவுந்தா தலை என்னாகும்? மேல கம்பி போடுங்க, அப்பறம் ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு, மனைவி ஜெயப்பிரியா கோபமாகப் பூந்தமல்லியில் அம்மா வீட்டுக்குப் போனவள்தான். திரும்பவே இல்லை. அவளை அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டால் போதும் என்று ஏங்கினார் மனிதர். பேச்சுத் துணைக்கு ரேடியோதான்.

அந்தக் கம்பிக்கு ரோல் பார் என்று பெயர். தனியாளாகக் கனமான குழாயை வளைக்க முடியுமா? அம்பத்தூர் காயலான் கடையில், அப்துல் ரசாக்கிடம் வளைத்த குழாயாகவே ஒன்று கிடைத்தது. சீட்டுகளுக்குப் பின்னால் நிறுத்தி, தகடு வைத்து, போல்ட் போட்டு முறுக்கினார். ஜெயப்பிரியாவுக்குப் போனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். பூரித்துப்போனார்.

தலை கம்பியில் இடிக்குமா என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு சீட்டுக்கும் நேராகக் கம்பியில் சப்பாத்தி மாவை அப்பினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்து பார்த்தார். தலை பட்டால் மாவில் தடம் விழும். விழவில்லை. பக்கத்து சீட்டிலும் உட்கார்ந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

இறங்கும்போதுதான் கவனித்தார். பக்கத்து சீட்டுக்கு நேரான மாவு நசுங்கியிருந்தது.

பூனையாக இருக்கும். வேறு மாவு அப்பினார். கொட்டகைக் கதவைத் தாழிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். வெளியே மின்சார ரயில் ஒன்று கடந்து போனது. அந்தச் சத்தம் ஓய்ந்ததும்...

தொப்.

பக்கத்தில்தான்.

சீட்டு மெல்லக் கிறீச்சிட்டது... யாரோ நகர்ந்து உட்கார்வது போல.

"யாரு?"

திரும்பிப் பார்த்தார்.

மாவில் தலையளவு குழி. அதில் ஒரு முடி... நீளமான நரைமுடி.

ஹேமநாதன் போன வாரம்தான் திருத்தணியில் மொட்டை போட்டிருந்தார்.

வெளியே ஓடி வந்து கதவைச் சாத்தியவர் அதன்பிறகு கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஞாயிறு காலையில்தான் தைரியம் வந்து, வீட்டுக்குள் இருந்தபடியே ரசாக்குக்குப் போன் போட்டார்.

"பாய், அந்தக் கம்பி எங்கேர்ந்து வந்துச்சு?"

"இன்னாத்துக்கு நைனா இப்போ அது?"

"சொல்லுங்க பாய்."

"உன்னிய மாரிதான். ஒருத்தரு ஊட்டாண்டயே வண்டி கட்டினாரு. மொத தபா சம்சாரத்த ஒக்கார வச்சிகினு போனாரு. பள்ளத்துல கவுந்துச்சு. அவருக்கு ஒரு கீறல் இல்ல. அந்தம்மா தலதான்... பின்னால கம்பில மோதி... ஸ்பாட்லயே போய்ட்டாங்க. எடவெளிய அவரு தன் சீட்டுல மட்டும்தான் பாத்தாராம்."

ஹேமநாதன் போனும் கையுமாக வாசலுக்கு வந்தார். அப்போதுதான் அதைப் பார்த்தார்.

கேட் அருகே ஜெயப்பிரியாவின் செருப்பு.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே ஓடினார். பக்கத்து சீட்டில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ந்த மாவுக் குழிக்குள் அவள் பின்னந்தலை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"ஏங்க," என்று சிரித்தாள். "எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்குதே!"